பல் கூச்சம்: ஏன் வருகிறது, எப்படித் தணிப்பது?

தமிழில் 'கூச்சம்' என்ற சொல்லுக்குப் பல வேலைகள் உண்டு. நாலு பேர் முன்னால் எழுந்து பேச வேண்டும் என்றால் கூச்சம். உள்ளங்காலைத் தொட்டால் கூச்சம். உச்சி வெயிலில் கண் கூசுகிறது. மாங்காயைக் கடித்தால் பல் கூசுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே. தொடக்கூடாத ஒன்று தொடப்பட்டதும் உடல் சட்டென்று பின்வாங்குகிறது. பல்லைப் பொறுத்தவரை அப்படித் தொடப்படுவது எது, ஏன் தொடப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால், பாதிச் சிகிச்சை நம் கையிலேயே இருப்பது தெரியவரும்.

அன்னதானப் பந்தியில் மோரை வாயின் ஒரு பக்கமாகவே சாய்த்துக் குடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தண்ணீரை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு வெந்நீர் கேட்பவரையும் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "வயசாகிவிட்டது, பல் அப்படித்தான்" என்பார்கள். உண்மையில் பல் கூச்சம் முதுமையின் நோயன்று. இருபது வயதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்களிடமே அது அதிகம். முப்பதுகளில் உச்சத்தில் இருக்கும். வயது ஏற ஏறப் பல்லின் உட்புறம் தானாகவே தடித்து, நரம்பு உள்வாங்கிக்கொள்வதால், முதியவர்களுக்குக் கூச்சம் குறைவதுதான் வழக்கம். ஆகவே அறுபது, எழுபது வயதில் ஒருவருக்குப் புதிதாகக் கூச்சம் தொடங்கினால் "வயசுதானே" என்று விட்டுவிடக்கூடாது. அதற்கு வேறு காரணம் இருக்க வாய்ப்புண்டு.

பல்லுக்குள் என்ன நடக்கிறது?

பல்லின் வெளிப்பக்கம் தெரியும் வெண்மையான ஓடு எனாமல். உடலிலுள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் கடினமானது அதுவே. எலும்பைக் காட்டிலும் கடினம். எனாமலுக்கு நரம்பு இல்லை, எனவே உணர்ச்சியும் இல்லை. கடைவாய்ப் பல்லின் மேல்முனையில் அது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். கீழே இறங்க இறங்க மெலிந்து, ஈறு தொடும் இடத்தில் கத்தி முனைபோல் முடிந்துவிடும். அதற்குக் கீழே, ஈறுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதிக்கு எனாமல் கிடையாது. சிமென்டம் என்னும் மிக மெல்லிய பூச்சு மட்டுமே உண்டு. சிலருக்கு எனாமலும் இந்தப் பூச்சும் சந்திக்காமலே இடையில் ஒரு சிறு இடைவெளி பிறவியிலேயே இருக்கும்.

எனாமலுக்கும் சிமென்டத்துக்கும் உள்ளே இருப்பது டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் சல்லடை. ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் இருபதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம் வரை நுண்குழாய்கள் வெளியிலிருந்து உள்ளே நரம்பிருக்கும் பற்கூழ் வரை ஓடுகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டரைப் பங்குதான். அவற்றுக்குள் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது.

இந்தத் திரவம்தான் கதாநாயகன். நரம்பு பல்லின் வெளிப்பரப்பு வரை வருவதில்லை. அப்படியிருக்க வெளியே பட்ட ஐஸ் தண்ணீர் உள்ளே இருக்கும் நரம்புக்கு எப்படித் தெரிகிறது என்பது நெடுங்காலம் ஒரு புதிராக இருந்தது. 1960களில் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் மார்ட்டின் பிரன்ஸ்டிராம் செய்த சோதனைகள் அதற்கு விடை தந்தன. குளிர்ச்சி பட்டால் குழாய்க்குள் இருக்கும் திரவம் வெளிநோக்கி நகர்கிறது. இனிப்போ உப்போ பட்டால் அந்த அடர்ந்த கரைசல் திரவத்தை வெளியே இழுக்கிறது. வாயைத் திறந்து காற்றை உள்ளிழுத்தால் குழாயின் வாயில் திரவம் உலர்கிறது, உள்ளிருப்பது மேலேறுகிறது. எப்படி நகர்ந்தாலும், உள்முனையில் காத்திருக்கும் நரம்பு நுனி அந்த அசைவை வலியாக உணர்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் கூர்மையான வலி அது. சூடான காபியைவிடக் குளிர்பானம் அதிகம் கூசுவதற்கும் இதுவே காரணம். சூட்டில் திரவம் உள்நோக்கி, மெதுவாக நகர்கிறது.

1987-இல் வெளியான ஓர் ஆய்வில், கூசும் பற்களையும் கூசாத பற்களையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். கூசும் பல்லில் திறந்திருந்த குழாய்கள் சுமார் எட்டு மடங்கு. ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். குழாய்க்குள் திரவம் ஓடும் கணக்கு வேறு. அகலம் இரட்டிப்பானால் ஓட்டம் பதினாறு மடங்காகும். அதனால்தான் கொஞ்சம் தேய்ந்த பல்கூட இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது. அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும்: குழாயின் வாயைச் சிறிது அடைத்தாலும் வலி பெருமளவு குறைந்துவிடும்.

ஆகக் கூச்சம் வர இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். டென்டின் வெளியே தெரிய வேண்டும்; தெரிந்த இடத்தில் குழாய்களின் வாய் திறந்திருக்க வேண்டும். முதலாவதைச் செய்வது பெரும்பாலும் நம் கை. இரண்டாவதைச் செய்வது பெரும்பாலும் நம் நாக்கு.

கையின் வேலை

பல்லை அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. பாத்திரம் துலக்கும் பழக்கத்தைப் பல்லுக்கும் கொண்டுவந்துவிட்டோம் போலும். கடினமான தூரிகையைக் குறுக்காகப் பிடித்து, இடமும் வலமும் இழுத்தால் முதலில் தோற்பது ஈறு. அது மெல்லக் கீழிறங்கி வேரை வெளியே காட்டுகிறது. வேரின் மேலுள்ள சிமென்டம் சில மாதங்களில் தேய்ந்துபோகும். பிறகு டென்டின்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று உதட்டை ஒதுக்கிப் பாருங்கள். கோரைப் பல்லும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப் பற்களும் வாயின் வளைவில் முன்னே நீண்டிருப்பதால் தூரிகையின் முழு வேகமும் அவற்றின்மேல் விழுகிறது. கூச்சமும் பெரும்பாலும் அங்குதான் தொடங்கும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கப் பற்கள் அதிகம் தேய்ந்திருப்பதைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். ஈறோரத்தில் நகம் மாட்டுமளவு ஒரு பள்ளம் இருந்தால் அது நாள்பட்ட கைங்கரியம்.

எந்தத் தூரிகை என்று கேட்டால் மிருதுவானது என்பதுதான் விடை. கடையில் 'மிருது' என்றோ 'மிக மிருது' என்றோ எழுதியிருப்பதை வாங்கினால் போதும். பேனாவைப் பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, இருந்த இடத்திலேயே சிறு சிறு அசைவாக, இரண்டு நிமிடம். புதிய தூரிகையின் நார் இரண்டே மாதத்தில் நாலாபுறமும் விரிந்துவிட்டால், அழுத்தம் அதிகம் என்று அதுவே நமக்குச் சொல்கிறது.

நம் பாட்டிமார் உமிக்கரியும் உப்பும் செங்கல் பொடியும் கொண்டு பல் துலக்கினார்கள், அவர்களுக்குக் கூச்சம் இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உமியின் சாம்பலில் நிறைந்திருப்பது சிலிக்கா. மணலும் அதே சரக்குதான். இன்று புதிய உறையில், அழகிய கரிய பற்பசையாக அதே கரி திரும்பி வந்திருக்கிறது. விலை மட்டும் கூடுதல். எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுப் பல்லைத் தேய்த்தால் வெண்மையாகும் என்பது இதனினும் மோசமான யோசனை. அமிலமும் அரமும் ஒரே நேரத்தில் விழுந்தால் எனாமல் என்ன செய்யும்?

ஆலங்குச்சி, வேலங்குச்சி பற்றிய பழமொழியையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் வரும் 'வேல்' வேப்பமரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கருவேல மரத்தைக் குறிப்பது. எந்தக் குச்சியானாலும் நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கி, ஈறிலிருந்து பல்நோக்கி மேலும் கீழுமாகத் தேய்த்தால் தீங்கில்லை. குறுக்காக இழுத்தால் குச்சியும் கடினத் தூரிகையும் ஒன்றே. குச்சியில் ஃபுளோரைடு இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஈறு இறங்க இன்னொரு காரணம் ஈறு நோய். காரை சேர்ந்து, ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிந்து, அடியிலுள்ள எலும்பு கரைந்தால், அதன்மேல் நிற்கும் ஈறும் இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது விரைவாக நடக்கிறது. ஈறு நோய் முற்றினால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது. ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலை பாக்குப் போடும் வழக்கமுள்ள மூத்தோரிடம் பாக்கின் கடினத்தால் பல்லின் மேல்முனையே தட்டையாகத் தேய்ந்து, அங்கிருந்தும் கூச்சம் வரும். பாக்கு கூச்சத்தோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது.

உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் இதே தேய்மானம் உண்டு. அவர்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். காலையில் தாடை வலிக்கிறது, கன்னப் பொட்டு கனக்கிறது என்றால் சந்தேகப்படலாம்.

நாக்கின் வேலை

எனாமலைக் கரைப்பது அமிலம். புளிப்பின் அளவைக் குறிக்கும் பிஹெச் எண் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். வேர்ப்பகுதி டென்டின் இன்னும் மென்மையானது. ஆறுக்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டியது, கோலா பானங்கள் ஏறத்தாழ இரண்டரை, விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்கள் மூன்றிலிருந்து நாலுக்குள். புளி, மாங்காய், ஆசாம்போய், அன்னாசி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இதைப் படித்துவிட்டு ரசத்தை நிறுத்த வேண்டாம். சோற்றோடு பிசைந்து, மென்று விழுங்கும் புளிப்பு ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் வாயில் இருக்கும். உமிழ்நீர் அதைச் சமாளித்துக்கொள்ளும். உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அமிலம் அடங்கியபின் அவை கரைந்த இடத்தில் மீண்டும் படியும், திறந்த குழாய் வாய்களையும் சிறிது சிறிதாக மூடும். அதற்கு அவகாசம் வேண்டும். அலுவலக மேசையில் ஒரு பெரிய குவளை எலுமிச்சை நீரை வைத்துக்கொண்டு, உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கையில் காலையிலிருந்து மாலை வரை வாய்வாயாக உறிஞ்சுபவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை தடவை குடித்தோம் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டால் தீங்கு மிகவும் குறையும். உறிஞ்சு குழலை நாக்கின் மேல் வைத்துக் குடிப்பதும் நல்லது.

மோரும் தயிரும் புளித்தாலும் பல்லைக் கரைப்பதில்லை. அவற்றிலேயே கால்சியம் நிறைந்திருக்கிறது. சாப்பாட்டை மோர் சாதத்தில் முடிக்கும் நம் வழக்கம் பல்லுக்கும் ஏற்றதுதான். அதற்குப் பிறகு தொட்டுக்கொள்ளும் எலுமிச்சை ஊறுகாயைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கப்போவதில்லை.

இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் செய்யப்படுவது. புளிப்பாக எதையாவது சாப்பிட்டதும் பல் பிசுபிசுக்கிறதே என்று உடனே தூரிகையை எடுப்பார்கள். அமிலம் பட்ட எனாமலின் மேல்தோல் அப்போது இளகியிருக்கும். அந்த நேரத்தில் தேய்த்தால் இளகியது அப்படியே போய்விடும். அரை மணியாவது பொறுத்துத்தான் துலக்க வேண்டும். அதுவரை தண்ணீரில் கொப்பளியுங்கள்.

இரைப்பையிலிருந்து மேலேறி வரும் அமிலம் எல்லாவற்றையும்விட வீரியமானது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், மசக்கையில் தினமும் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மேல்முன்பற்களின் உட்புறம் கரைந்து கூசும். கர்ப்பிணிக்கு மாங்காய் ஆசையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். வாந்தி எடுத்தவுடன் துலக்கக்கூடாது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் அமிலம் அடங்கும்.

விரத நாட்களில்

தைப்பூசத்திற்கும் தீமிதித் திருவிழாவுக்கும் விரதம் இருக்கும் அன்பர்கள் பலர், "விரதம் தொடங்கினால்தான் பல் கூச ஆரம்பிக்கிறது" என்பதுண்டு. அது பிரமை அல்ல. ஒரு வேளை உணவு என்று இருப்பவர்கள் மற்ற வேளைகளில் எலுமிச்சைச் சாறும் பழங்களும் கொண்டே பொழுதைக் கழிக்கிறார்கள். மெல்லாத வாயில் உமிழ்நீர் சுரப்பது குறைவு. உமிழ்நீர் குறைந்த வாயில் அதே எலுமிச்சைச் சாறு இரண்டு பங்கு வேலை செய்யும். காவடி எடுக்கும் நாளில் வெறும் வயிறு, வெயில், வியர்வை, வறண்ட நாக்கு. அந்த நிலையில் பானகமோ இனிப்புப் பானமோ கையில் கிடைத்தால் அமிலம், சர்க்கரை இரண்டும் காய்ந்த பல்லின்மேல் நேரே இறங்குகின்றன.

விரதத்தை மாற்றச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, தேவையுமில்லை. முதலில் இரண்டு வாய் வெறும் தண்ணீர், பிறகு பானகம், அதன்பின் மீண்டும் ஒரு வாய் தண்ணீர் என்று வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் சில வேளை பால், நீர்மோர், இளநீர் என்று வைத்துக்கொள்ளலாம். விரத நாட்களில் பற்பசையைத் தவிர்த்து வெறும் விரலால் துலக்குபவர்கள் உண்டு. காரணம் கேட்டால், பசையில் மிருகக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற ஐயம். சைவ உணவுக்குறி இட்ட, ஃபுளோரைடு கலந்த பசைகள் கடைகளில் கிடைக்கின்றன, தேடி வாங்கிக்கொள்ளலாம். விரதம் முடியும் வரை ஃபுளோரைடு இல்லாமல் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இனிப்புப் பானங்களோடு வெறும் தண்ணீரும் அதே அளவு வையுங்கள். கேட்டு வாங்குபவர் பலர்.

கூச்சம் வேறு, நோய் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள். கூசுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் கூச்சமல்ல.

உண்மையான கூச்சம் தூண்டினால் வரும், தூண்டுதல் போனால் சில நொடிகளில் போய்விடும். குளிர்ந்த தண்ணீரை விழுங்கிய பிறகும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வலி நீடித்தால், பற்கூழ் வீங்கியிருக்கிறது என்று பொருள். யாரும் எதையும் தொடாமலே, குறிப்பாக இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால், பற்கூழ் செத்துக்கொண்டிருக்கிறது. சூட்டில் வலி கூடி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் இதமாக இருந்தால், நிலைமை மேலும் முற்றிவிட்டது. கடித்த நேரத்தில் அல்லது கடித்ததை விடும் நேரத்தில் மின்சாரம்போல் வெட்டினால் பல்லில் விரிசல் இருக்கலாம். முறுக்கும் வறுத்த கடலையும் ஐஸ் கட்டியும் கடித்துப் பழகியவர்களுக்கு இது வரும். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் சொத்தையையோ, பழைய அடைப்பு கசிவதையோ தேட வேண்டும். கூச்சம் என்பது பொதுவாகப் பல பற்களில் பரவி இருக்கும்.

இவற்றுள் எதையும் பற்பசை தீர்க்காது. ஆபத்து எங்கே என்றால், கூச்சப் பசை நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்து, சொத்தையின் குரலையும் அமுக்கிவிடக்கூடும். கிராம்புத் தைலத்துக்கும் இதே குணம். அது வலியை மறைக்கும், நோயை மாற்றாது. கலக்காமல் தடவினால் ஈறு வெந்துபோகும். வலிக்கும் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிவைப்பவர்கள் பலர். மாத்திரை விழுங்கினால்தான் வேலை செய்யும். அடக்கிவைத்தால் கன்னத்தின் உள்தோலைச் சுட்டு வெள்ளையாக உரித்துவிடும். வலி ஒருநாள் திடீரென்று நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். நரம்பு இறந்திருக்கலாம், அடுத்து வருவது சீழும் முகவீக்கமும். நீரிழிவு உள்ளவருக்கு அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால், காலை வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பற்பசையைப் பற்றி

கூச்சத்துக்கென்று விற்கும் பசைகள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் கலந்தவை நரம்பைச் சாந்தப்படுத்துகின்றன. பொட்டாசியம் குழாய் வழியே உள்ளே ஊறிச் சேர வேண்டும் என்பதால் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் உபயோகித்துவிட்டு "சும்மா விளம்பரம்" என்று தூக்கிப்போடுபவர்கள் பலன் வரும் முன்னரே நிறுத்தியவர்கள். இரண்டாம் வகை குழாய்களின் வாயை அடைப்பவை. ஸ்டேனஸ் ஃபுளோரைடு, அர்ஜினின், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் முதலியவற்றில் ஏதாவது ஒன்றின் பெயரை உறையில் காணலாம். இவை சற்று விரைவில் பலன் தரும். எது உங்களுக்கு ஏற்றது என்பதை ஒன்றை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்துத்தான் அறிய முடியும். விலை உயர்ந்ததே சிறந்தது என்றில்லை.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் பலனை இழக்கிறார்கள். துலக்கி முடிந்ததும் குவளை குவளையாக நீர் விட்டு வாயை அலசினால் மருந்தெல்லாம் தொட்டிக்குப் போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். நமக்கு முதலில் அருவருப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இரவு படுக்கும் முன் சிறிதளவு பசையை விரல் நுனியில் எடுத்துக் கூசும் இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் மெல்லத் தடவுவது மேலும் உதவும்.

மூலிகைப் பற்பசை விரும்புவோர் உறையைத் திருப்பிப் பாருங்கள். வேம்பும் கிராம்பும் இருப்பதில் தவறில்லை. ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவாவது இருக்கிறதா என்பதே கேள்வி. பலவற்றில் இல்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் ஏதுமில்லை, ஆனால் குழாய் வாயை அடைக்கும் சக்தி அதற்கு இருப்பதாக நான் நம்பவில்லை. செய்வதானால் துலக்குவதோடு சேர்த்துச் செய்யுங்கள், துலக்குவதற்குப் பதிலாக அல்ல. சர்க்கரை சேராத சூயிங்கம் உமிழ்நீரைப் பெருக்கும். சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் தடைசெய்யப்பட்டிருந்தாலும், பல் நலனுக்கான வகைகளை 2004 முதல் மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் வாங்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் பல்லை வெளுக்கச் செய்யும் வழக்கம் இப்போது பெருகிவருகிறது. வெளுக்கும் மருந்து எனாமலை ஊடுருவி உள்ளே போவதால் சில நாள் கூசுவது இயல்பு. ஏற்கெனவே ஈறு இறங்கியவர்களும் சொத்தை உள்ளவர்களும் அவற்றைச் சரிசெய்துகொள்ளாமல் அதில் இறங்கக்கூடாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் செய்துகொண்டு பந்தியில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மணமக்கள் உண்டு.

மருத்துவரிடம் போனால்

பல் மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கு நம்மவர் சொல்லும் காரணங்களுள் முதன்மையானது, "காரை எடுத்தால் பல் ஆடும், கூசும்" என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. காரை சிமெண்டு பூசியதுபோல் வேரை மூடி, ஆடும் பற்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும். அடியிலுள்ள எலும்பு கரைவது நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பூச்சை எடுத்ததும் வேரில் காற்றுப்படுகிறது, கூசுகிறது. பல்லின் உண்மையான நிலையும் தெரிகிறது. பல்லை ஆட்டியது நோய். பழி காரை எடுத்தவர் மேல் விழுகிறது. இந்தக் கூச்சம் சில நாள்களிலிருந்து இரண்டொரு வாரத்துக்குள் அடங்கும். போவதற்கு இரண்டு வாரம் முன்பே கூச்சப் பசையைப் பழக்கிக்கொண்டால் அதுவும் குறையும்.

பசைக்கு அடங்காத கூச்சத்துக்கு மருத்துவர் முதலில் அடர்த்தியான ஃபுளோரைடு வார்னிஷைப் பூசுவார். வலி இல்லை, சில நிமிட வேலை. ஈறோரம் பள்ளம் விழுந்திருந்தால் பல்நிற அடைப்பு வைத்து மூடுவார். பல் கடிப்பவருக்கு இரவில் அணிய ஒரு தட்டு செய்து தருவார். ஈறு மிகவும் இறங்கியிருந்தால் அண்ணத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து ஒட்டும் அறுவையும் உண்டு. வேர்ச்சிகிச்சை கடைசிப் படி. "கூசுகிறது, பிடுங்கிவிடுங்கள்" என்று கேட்டு நல்ல பல்லை இழப்பதுதான் உண்மையான நட்டம். கடைவாய்ப் பல் இரண்டு போனால் மெல்ல முடியாது. மெல்ல முடியாத முதியவர் காயும் கீரையும் விட்டுக் கஞ்சிக்கும் பிஸ்கட்டுக்கும் மாறுவார். சர்க்கரை ஏறும், உடல் தளரும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நீலம் அல்லது ஆரஞ்சு நிறச் சாஸ் அட்டை உள்ளவர்களுக்கும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் பல சிகிச்சைகளுக்கு மானியம் உண்டு. மருந்தகத்தின் வாசலில் அந்தத் திட்டத்தின் சின்னம் ஒட்டியிருக்கும். சிகிச்சை தொடங்குமுன் எவ்வளவு மானியம், கையிலிருந்து எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம். மலேசிய அன்பர்களுக்கு அரசாங்கப் பல் மருந்தகங்களில் கட்டணம் மிகக் குறைவு. முன்பதிவுக்குச் சில வாரம் காத்திருக்க நேரலாம், ஆகவே வலி முற்றுமுன் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

போகும்போது ஒரு சிறு தாளில் நாலு செய்தி எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பக்கம், எது பட்டால், எத்தனை நொடி, எப்போதிலிருந்து. வீட்டில் பெற்றோர் இருந்தால் அவர்களிடம் கேட்டு நீங்களே எழுதிக் கொடுங்கள். மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் "ஒன்றுமில்லை, லேசாகத்தான்" என்று சொல்லிவிடுவது அவர்கள் இயல்பு. இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தம் உறையாமல் தடுப்பது என்று உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயர்ச்சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அவற்றுள் சில வாயை வறளச் செய்து கூச்சத்தைக் கூட்டுபவை. அதற்காக எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்திவிட வேண்டாம். கொடுத்த மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.